இலக்குக் கப்பலில் கடைசிச் சுற்று

இனிமேல் போர்க்கப்பலுக்கு ஆளே வேண்டாமாம். பெரம்பலூரில் எங்கள் முன்னாள் படைவீரர் சங்கக் கூட்டம் நடந்தபோது, ரேடார் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற தம்பி ஒருவர் செல்போனில் படம் காட்டினார். ஒரு படகு கடலில் சீறிப் போகிறது. மேல்தளத்தில் ஒருவருமில்லை. சுக்கான் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவருமில்லை. கைப்பிடிக் கம்பிகூடக் கிடையாது. பிடிக்க ஆளில்லாத இடத்துக்குக் கம்பி எதற்கு? தானாகத் திரும்புகிறது, தானாக வேகம் எடுக்கிறது, தானாகப் போய் மோதுகிறது.

"அண்ணே, உங்க பாய்லர் காலத்துல ஒரு கப்பலுக்கு ஒரு ஊரே ஏறணும். இப்ப கரையில உக்காந்து டீ குடிச்சிக்கிட்டே ஒருத்தன் சண்டையை முடிச்சிடுவான்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆளில்லாத கப்பல் எப்படி இருக்கும் என்று அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நான் அதற்குள் நடந்திருக்கிறேன்.

அதைச் சொன்னேன். சங்கச் செயலாளர் உடனே, நீங்களே எழுதிக் கொடுங்கள், இந்த வருஷ மலரில் போடுகிறோம் என்றார். எட்டாவதோடு நின்றவன் எழுதுவானா என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. எட்டாவதோடு நின்றவன்தான் மாலுமிக்கு எட்டக்கூடிய பெரிய பதவியான மாஸ்டர் சீஃப் வரை போனான். கடற்படைக்குள் வைத்த பரீட்சை எதிலும் நான் இரண்டாம் தடவை உட்கார்ந்ததில்லை. அரியலூர், பெரம்பலூர் இரண்டு ஜில்லாவிலும் போர்க்கப்பல் பாய்லருக்கு நெருப்பு வைத்தவன் என்னைத் தவிர வேறு யாராவது இருந்தால் வரட்டும், பேசிப் பார்க்கலாம். ஆகவே நானே எழுதுகிறேன்.

எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பா அடுத்தவர் வயலில் அறுப்பு அறுப்பார். வயலில் வேலை இல்லாத மாதங்களில் அரியலூர் பக்கம் சுண்ணாம்புக் காளவாயில் கல் அடுக்குவார். நானும் கூடவே போவேன். எங்கள் பக்கத்துக் கல்லை உடைத்தால் உள்ளே கிளிஞ்சல் இருக்கும். சில சமயம் வண்டிச் சக்கரம் போலச் சுருண்ட பெரிய நத்தை கல்லாகக் கிடக்கும். கடல் எங்களுக்கு வெகு தூரம். ஆனாலும் எந்தக் காலத்துக் கடலிலோ செத்துப் போனதைத்தான் நாங்கள் அடுக்கி எரித்துக்கொண்டிருந்தோம். இதைச் சின்ன வயதில் யோசித்தால் எனக்கு முதுகு சில்லிடும்.

காளவாயில் ஒரு வழக்கம் உண்டு. நெருப்பு அணைந்து சூளை ஓரளவு ஆறியதும், கீழ்வாய் வழியாக ஓர் ஆள் உள்ளே நுழைந்து, சுவரில் ஒட்டிக்கொண்ட கல்லைப் பெயர்த்துத் தள்ள வேண்டும். ரப்பர் செருப்பு உள்ளே இளகிவிடும். ஆகவே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நனைத்த கோணிச் சாக்கைக் காலில் சுற்றிக்கொண்டு போவார்கள். கழற்றிய செருப்பின் முனை சூளையின் உள்ளே பார்த்தபடி இருக்க வேண்டும். வேலை முடிந்து வெளியே வந்தவன் தானே அதை வெளிப்பக்கம் திருப்பி மாட்டிக்கொள்வான். செருப்பு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். நெருப்பு வைக்கக் கூடாது. முதலாளியே வந்து நின்று கத்தினாலும் கூடாது. அடுத்தவன் செருப்பை இன்னொருவன் தொட்டுத் திருப்பவும் கூடாது. அதை மீறியவனை நான் பார்த்ததில்லை.

பிறகு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் திருச்சிக்குப் போய் வரிசையில் நின்றேன், எடுத்தார்கள், பயிற்சி முடிந்தது. பயிற்சியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லோரும் வாந்தி எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டபோது நெருப்புள்ள இடம் என்று சொன்னேன். பாய்லர் அறையில் போட்டார்கள்.

என் முதல் கப்பல் வெள்ளைக்காரன் கட்டி, நம் கடற்படை வாங்கிய நீராவிக் கப்பல். அதன் உண்மைப் பெயர் இங்கே வேண்டாம். எங்களுக்குள் அவளைக் கிழவி என்போம். அவள் வயிற்றுக்குள் இருந்த பாய்லர் அறையில்தான் என் வாலிபம் போனது. எண்ணெயைத் தெளித்து எரிப்போம். புகை கறுத்தால் காற்று போதவில்லை, வெளுத்தால் காற்று அதிகம். புகையே கண்ணுக்குத் தெரியாமல் ஓட்டுகிறவன்தான் பாய்லர்காரன். கறுப்புப் புகை எதிரிக்கு அடிவானத்திலேயே நம்மைக் காட்டிக் கொடுத்துவிடும். என் வேளையில் கிழவி புகைவிட்டதாக மேலே இருந்து ஒரு தடவையும் திட்டு வந்ததில்லை.

அந்த அறைக்குப் புதிதாக இன்ஜினியரிங் படித்த சப்-லெப்டினன்ட் ஒருவர் வந்தார். வடக்கத்திக்காரர். ஒல்லி. என்னை ஊர்ப் பெயரால் 'அரியலூர்' என்றே கூப்பிடுவார். குரலை உயர்த்தவே மாட்டார். அந்த இரைச்சலில் எல்லோரும் தொண்டை கிழியக் கத்துவோம். அவர் மட்டும் பக்கத்தில் வந்து காதருகே குனிந்து சாதாரணமாகப் பேசுவார். நாங்கள் எதைச் சொன்னாலும் அவர் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி. இந்தியில் கேட்பார்: பார்த்தாயா, நினைத்தாயா? பார்த்தேன் என்றால் உடனே நம்புவார். நினைத்தேன் என்றால் போய்ப் பார்த்துவிட்டு வா என்பார். கோபமே இருக்காது.

பாய்லர் முகப்பில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. உள்ளே தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அது காட்டும். தண்ணீர் பாதியில் நின்றால் கோடு தெரியும். முழுக்க நிரம்பிவிட்டால் கோடு தெரியாது. முழுக்கக் காலியானாலும் தெரியாது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நிரம்பியிருந்தால் தண்ணீர் எந்திரத்துக்குள் பாய்ந்து அதை உடைக்கும். காலியாக இருந்தால் குழாய்கள் பழுத்து வெடித்து, அறையில் இருப்பவர்கள் அவ்வளவு பேரும் வெந்து போவோம்.

ஒருநாள் கடல் கொந்தளிப்பில் கோடு காணாமல் போய்விட்டது. நிரம்பிவிட்டது சார் என்றேன். அவர் என் காதருகே குனிந்து அதே கேள்வியைக் கேட்டார். நான் பார்க்கவில்லை, நினைத்துத்தான் சொல்லியிருந்தேன். கண்ணாடிக்குக் கீழே இருந்த அடிக்குழாயைத் திறந்தேன். தண்ணீர் சொட்டவில்லை. வெறும் ஆவி சீறியது. யார் உத்தரவுக்கும் காத்திராமல் எண்ணெயை அடைத்தேன். எனக்குக் கை அவ்வளவு வேகம்.

பிறகு நடந்ததுதான் மனதில் நிற்கிறது. நெருப்பு போனதும் கப்பல் சாகும். காற்றுவிசிறிகளின் ஓலம் ஒவ்வொன்றாக இறங்கும். விளக்கு மங்கும். பம்புகள் நிற்கும். கடைசியில், வருஷக் கணக்காக ஒரு நிமிஷம்கூட ஓயாத அந்த அறையில், ஆட்கள் மூச்சுவிடுவது கேட்கும். இரும்புத் தகட்டுக்கு வெளியே தண்ணீர் உரசிப் போவது கேட்கும். அன்று நாங்கள் பிழைத்துவிட்டோம் என்று தெரிந்தும் யாரும் பேசவில்லை. யாரோ ஒருவர் நம்மோடு நின்று கவனிப்பதுபோல இருந்தது. நெருப்பை மறுபடி வைத்துச் சத்தம் வந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

காலம் ஓடியது. நான் சேர்ந்தபோது கடல் சண்டை என்றால் பீரங்கி. எதிரிக் கப்பலைக் கண்ணால் பார்த்துச் சுட வேண்டும். பிறகு சின்னச் சின்னப் படகுகளில் ஏவுகணை வந்தது. ஒரு படகு பெரிய கப்பலைத் தின்றுவிடும். பிறகு ஏவுகணை அடிவானத்துக்கு அந்தப் பக்கமிருந்தே வரத் தொடங்கியது. அடிக்கிறவனுக்கு அடிபடுகிறவன் முகம் தெரியாது. நம்மவர்களே கப்பல் கட்டினார்கள். பாய்லர் போய் கேஸ் டர்பைன் வந்தது. பொத்தானை அமுக்கினால் ஓடும். முன்பு ஒரு கூட்டமே வியர்வை சிந்திய இடத்தில், குளிர்சாதன அறைக்குள் இரண்டு பேர் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதையும் நான் கற்றுக்கொண்டேன். பாய்லர்காரனுக்கு வராது என்றார்கள். வந்தது.

புதுக் கப்பலில் நான் நன்றாக இருந்தபோதுதான் கிழவிக்கு ஓய்வு கொடுத்தார்கள். அவளை உடைக்கக் கொடுக்கவில்லை. இலக்காக்கினார்கள். புது ஏவுகணை உண்மையில் ஒரு கப்பலை என்ன செய்யும் என்று பார்க்கப் பழைய கப்பலை நடுக்கடலுக்கு இழுத்துப் போய் நிறுத்திச் சுடுவார்கள். அதற்கு முன் எண்ணெயை உறிஞ்சி, வயர்களை உருவி, பித்தளையையும் செம்பையும் கழற்றிக் கரையில் எடுத்துக்கொள்வார்கள். ஒப்பந்தக் கூலிகள் வந்து அதைச் செய்வார்கள். கடைசியில் கூடு மட்டும் மிஞ்சும்.

சுடுவதற்கு முன் கப்பலுக்குள் ஒரு கடைசிச் சுற்று போய், யாரும் இல்லை, எல்லாக் கதவும் சாத்தியாயிற்று என்று சொல்ல வேண்டும். அதற்குப் பொறுப்பாக வந்தவர் அதே ஒல்லி அதிகாரி. இப்போது கமாண்டர். கிழவியின் உடம்பில் எந்தத் துவாரம் எங்கே போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஆள் ஒருவன்தான் இருக்கிறான் என்று என்னைக் கேட்டு வாங்கினார். துணைக்கு எனக்குக் கொடுத்த ஆள் சேவியர். லீடிங் மெக்கானிக். ஏலாக்குறிச்சிக்காரன். வாய்த்துடுக்கு.

துறைமுகத்திலிருந்து இழுத்துப் போன இரண்டாம் நாள் காலை, கூட வந்த காவல் கப்பலிலிருந்து நாங்கள் படகில் போய்க் கிழவியில் ஏறினோம். நல்ல வெயில். கடல் எண்ணெய் பூசியதுபோல அசையாமல் கிடந்தது.

"கிழவிக்கு அவஸ்தைப் பூசுதல் குடுக்கப் போறோம்ணே" என்றான் சேவியர், சாகக் கிடப்பவருக்குப் பாதிரியார் எண்ணெய் பூசுவதைச் சொல்லி. மேலே நின்றவரைக்கும்தான் அவன் வாய். இறங்குபடியில் காலை வைத்ததும் அடங்கிவிட்டான்.

கமாண்டர் முறை சொல்லிக் கொடுத்திருந்தார். ஒவ்வோர் அறை வாசலிலும் நின்று குரல் கொடுக்க வேண்டும். கதவுச் சட்டத்தில் ஸ்பானரால் மூன்று தட்டு தட்ட வேண்டும். தட்டிய சத்தம் முழுக்க அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். அப்புறம் கதவைச் சாத்தி, மேலே சாக்பீஸால் சிலுவைக் குறி போட வேண்டும். குறி போட்ட கதவைத் திறக்கக் கூடாது. அவசரப்படாதே, சத்தம் தூரம் போய்த் திரும்பட்டும் என்று அவர் சொன்னதை அப்படியே செய்தோம்.

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், கழற்றியது போக மிஞ்சியதெல்லாம் இடம் மாறாமல் இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. சாப்பாட்டு மேஜை போல்ட் போட்டபடி நின்றது. ஒரு கண்ணாடி மாட்டியபடியே இருந்தது. அதில் என் முகம் வந்து போனபோது சேவியர் பின்வாங்கினான். ஒவ்வோர் அறையிலும், யாராவது இருக்கீங்களா என்று நான் கூப்பிடுவேன். என் குரல் எனக்கு முன்னால் நடந்து போய், அடுத்தடுத்த அறைகளில் எட்டிப் பார்த்துவிட்டு, வேறு யாருடைய குரலோ போலத் திரும்பி வரும். எந்திரம் நின்றுபோன கப்பல் தானாக அலையில் சாயும்போது, எங்கோ அடியில் ஒரு தகடு நீளமாக முனகும். பாய்லர்காரனான எனக்கு அந்தச் சத்தமெல்லாம் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் நின்றேன்.

பாய்லர் அறைக்குக் கடைசியாகத்தான் வந்தோம். அங்கே குளிர்ந்தது. பாய்லர் அறையில் நான் குளிரை உணர்ந்தது அன்று ஒருநாள்தான். கூப்பிட்டேன். தட்டினேன். காத்திருந்தேன். ஒன்றுமில்லை. சேவியர் சாக்பீஸை எடுத்தான். அப்போது டார்ச்சை ஒரு தடவை தாழ்த்தினேன்.

பாய்லரின் நெருப்புவாய்க்குக் கீழே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருந்தது. நீலம். ஒன்றின் வாரில் ஊக்கு குத்தியிருந்தது. இரண்டும் ஒட்டி, முனை நெருப்புவாய்க்கு உள்ளே பார்த்தபடி.

சேவியர்தான் பேசினான். "கூலியாளு எவனாவது விட்டுட்டுப் போயிருப்பான்ணே. அந்துபோன செருப்பு. வாங்க, போவலாம்."

அவன் ஏலாக்குறிச்சி விவசாயக் குடும்பம். காளவாயைப் பார்த்தவனில்லை. நான் நெருப்புவாய்க்குள் தலையை விட்டு டார்ச் அடித்தேன். செங்கல் சுவர், கரி, வெறுமை. ஆள் இல்லை. கூப்பிட்டேன். குரல் புகைக்கூண்டு வழியே மேலே போய்விட்டது. பதில் இல்லை. செருப்பைத் தொடாமல் மேலே ஏறி வந்தேன்.

கமாண்டர் மேல்தளத்தில் ரேடியோக்காரனோடு நின்றார். கதவெல்லாம் சாத்தியாயிற்று, ஒன்றைத் தவிர என்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் என் பக்கம் குனிந்தார். இப்போது இரைச்சலே இல்லை, இருந்தும் குனிந்தார். பார்த்தாயா, நினைத்தாயா?

செருப்பைப் பார்த்தேன். ஆளைப் பார்க்கவில்லை. ஆனால் உள்ளே ஆள் இருக்கிறான் என்றேன். எனக்குத் தெரிந்த இந்தியில் காளவாய் வழக்கத்தைச் சொன்னேன். இந்தச் செருப்பை வைத்தவன் எங்கள் பக்கத்து ஆள், வேறு யாரும் இப்படி வைக்க மாட்டார்கள் என்றேன். ஆள் இல்லையென்றால் என் தோளில் இருப்பதைக் கழற்றிக்கொள்ளுங்கள் என்றேன். அந்த மாதிரி பேச அன்று அந்தக் கடலில் எனக்கு மட்டும்தான் தைரியம் இருந்தது.

ஒப்பந்தக்காரர் தன் ஆட்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று துறைமுகத்திலேயே சொல்லியிருந்தார். அடிவானத்துக்கு அப்பால் சுடும் கப்பல் தயாராக இருந்தது. மேலே விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. பெரிய அதிகாரிகள் பார்க்க வந்திருந்தார்கள். ரேடியோவில் அவசரப்படுத்தினார்கள். கமாண்டர் கடலை ஒருமுறை பார்த்தார். பிறகு ரேடியோவை வாங்கி, நிறுத்தி வையுங்கள் என்றார். அந்தப் பக்கம் யாரோ கத்தினார்கள். அவர் அதே குரலில் அதையே இன்னொரு தடவை சொல்லிவிட்டு, எங்களோடு கீழே இறங்கினார்.

பாய்லர் அறையில் செருப்பைக் குனிந்து பார்த்தார். தொடவில்லை. என் ஸ்பானரை வாங்கி, பாய்லரின் இரும்பு உறையில் அவரே மூன்று தட்டு தட்டினார். சத்தம் மேலே போனது, சுற்றியது, அடங்கியது. அடங்கிய பிறகும் நின்றோம்.

பதில் வந்தது. மூன்று தட்டு. நிதானமாக, அவர் தட்டியதுபோலவே இடைவெளி விட்டு.

சேவியர் சிலுவை போட்டுக்கொண்டான். கமாண்டர் மறுபடி தட்டினார். மறுபடி பதில். அது நெருப்புவாய்க்குள்ளிருந்து வரவில்லை. பின்னால், தலைக்கு மேலே. பாய்லருக்கும் அதைச் சுற்றிய இரும்பு உறைக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. காற்று போகும் வழி. ஒல்லியான ஆள் பக்கவாட்டில் நுழையலாம். நெருப்புவாயின் பக்கத் தகடு ஒன்று கழன்றிருந்தால், உள்ளிருந்து அந்தச் சந்துக்குள் ஏறிவிடலாம். தகடு கழன்றுதான் இருந்தது. மூடினாற்போலத் தொங்கியதால் நான் முதலில் கவனிக்கவில்லை. நானே உள்ளே புகுந்தேன். அந்த வயதிலும் எனக்குத் தொந்தி கிடையாது. தட்டும் சத்தம் எனக்கு வழி காட்டிக்கொண்டே போனது. டார்ச் ஒரு வெறுங்காலில் பட்டதும் சத்தம் நின்றது.

மேலே பொருத்தியிருந்த கம்பிப் பலகை சரிந்து அவனைச் சந்துக்குள் அமுக்கியிருந்தது. இரண்டு கையும் விலாவோடு நசுங்கி, பலகைக்குக் கீழே மாட்டியிருந்தன. விரல்கள் வீங்கிக் கறுத்திருந்தன. உதடு வெடித்திருந்தது. கண் திறக்கவில்லை. மூச்சு இருந்தது. மேலே விட்டுப்போன பித்தளை வால்வைக் கழற்றக் கப்பல் புறப்படுவதற்கு முந்தின நாள் ஏறியிருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. பலகையை நெம்பி அவனை இறக்க மூன்று பேரும் சேர்ந்து படாத பாடு பட்டோம்.

தரையில் கிடத்திய பிறகு சேவியர் அவன் கைகளைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அந்தக் கையால் ஒரு விரலைக்கூட அசைத்திருக்க முடியாது. அவனிடம் ஸ்பானரும் இல்லை, சுத்தியும் இல்லை. கமாண்டரும் பார்த்தார். இரும்பு குளிர்ந்தால் சத்தம் போடும் என்றார். அவர் நினைத்துச் சொன்னது அது ஒன்றுதான். உயிரோடு ஒருவன் கையில் கிடக்கும்போது அதையெல்லாம் பேச நேரமில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். பாய்லர் அறைக் கதவைச் சாத்திக் கமாண்டரே குறி போட்டார்.

காவல் கப்பலின் மேல்தளத்தில், நிழலில் அவனைப் படுக்க வைத்தார்கள். மருத்துவ உதவியாளர் கையில் ஊசி ஏற்றினார். சேவியர் பஞ்சை நனைத்து உதட்டில் பிழிந்தான். கமாண்டர் மறுபடி ரேடியோவை எடுத்து, கப்பல் காலி என்று சொன்னார்.

எந்த ஊருடா என்று கேட்டேன். உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"செயங்கொண்டம் பக்கம்ணே. செல்லமுத்து." பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கி, "செருப்ப வெளில வச்சுட்டுத்தானே போனேன். அத பாத்துமா இழுத்துட்டுப் போனாங்க?"

எனக்குக் கோபம் வந்தது. "இங்க எவனுக்குடா அது தெரியும்?"

"உங்களுக்குத் தெரிஞ்சிச்சே" என்றான்.

ரேடியோவில் ஏவுகணை கிளம்பிவிட்டது என்ற தகவல் வந்தது. கிளம்பியதைத் திருப்பிக் கூப்பிட முடியாது. எல்லோரும் கம்பிப் பக்கம் போனார்கள். சுடும் கப்பல் எங்கே என்று தெரியவில்லை. வெறும் அடிவானம். கிழவி தூரத்தில் வெயிலில் தனியாக நின்றாள். செல்லமுத்து தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். முதல் தடவையாகக் கண்ணை நன்றாகத் திறந்தான்.

"அவரு வந்துட்டாரா?"

"எவரு?"

"எங்கூட இருந்தவரு. பேசாத, மூச்ச அடக்கி வச்சுக்க, நான் தட்டுறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரே. அவரையும் ஏத்திட்டீங்கல்ல?"

கமாண்டர் என் தோளைத் தொட்டார். என்ன சொல்கிறான் என்று கேட்டார். அப்படியே மொழிபெயர்த்தேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவர் என்னிடம் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. ரேடியோவை வாய்வரை கொண்டுபோனார். பிறகு இறக்கிவிட்டார். தண்ணீரை ஒட்டி ஒரு பொறி வந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. அது கிழவியின் வயிற்றில், எங்கள் பாய்லர் அறை இருந்த இடத்தில் நுழைந்தது. சத்தம் பிறகுதான் எங்களிடம் வந்தது. அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகாததுபோல நின்றாள். அப்புறம் பக்கமாகச் சாய்ந்து, அவசரமில்லாமல் இறங்கினாள். சுற்றிலும் கைதட்டினார்கள். கமாண்டர் தொப்பியைக் கழற்றியிருந்தார். செல்லமுத்து பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏத்தியாச்சு" என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் பிழைத்தான், வலது கை மட்டும் பழையபடி வரவில்லை.

படகை இறக்கு என்றார் கமாண்டர். அவரும் நானும் சேவியரும் போனோம். கிழவி போன இடத்தில் தண்ணீர் வழவழப்பாக, வட்டமாக இருந்தது. உடைந்த பலகைகள், பெயிண்ட் செதில்கள். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தோம். ஆள் என்று ஒன்றும் இல்லை. சேவியரிடம் இன்ஜினை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினான். அன்று பாய்லர் அறையில் நெருப்பு போனபோது கேட்டதே, அதே அமைதி. எங்கள் மூச்சு எங்களுக்குக் கேட்டது. அடியில், வெகு ஆழத்தில், அவள் இன்னும் இறங்கிக்கொண்டிருப்பாள்.

என் கையில் ஸ்பானர் இருந்தது. கை தானாகத்தான் உயர்ந்தது. படகின் இரும்பு விளிம்பில் தட்டப் போனேன். கமாண்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கை சில்லென்று இருந்தது.

"வேண்டாம், அரியலூர்" என்றார் காதருகே. "பதில் வந்தால் என்ன செய்வோம்?"

ஸ்பானரை மடியில் வைத்துக்கொண்டேன். இன்ஜினைப் போடு என்று சொல்ல எங்கள் மூவருக்குமே வெகுநேரம் வாய் வரவில்லை.